நீலம் போன இடம்

"வெளிச்சம் பட்டாப் போதும், என் கறுப்புப் பொடி எந்தச் சாயத்தையும் சின்னாபின்னமாக்கிடும்!" கிராபீன் என்னும் மெல்லிய கரிமத் தாளில் உலோகத்தைக் கோத்துப் பொடி செய்த ஆய்வாளர் அக்கா இப்படி முழங்கியிருந்தார். அதை நம்பி, சாயப்பட்டறை நடத்தும் தம்பி மறுநாளே அந்தப் பொடியைக் கலந்து கழிவுநீரை ஆற்றில் விடவிருந்தான்.

"இருட்டுல வெச்சுப் பாத்தியாக்கா?"

"சூரியனுக்கே டார்ச்சா? போடா!"

இருந்தாலும் தம்பியின் வாயை அடைக்க, நீலச் சாயநீரில் பொடியைப் போட்டு, குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி அலமாரியில் பூட்டினார். மாலையில் திறந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளிச்சமே படாத நீரும் பளிங்காக இருந்தது. பொடியை வடிகட்டி, அதன்மேல் ஒட்டிய சாயத்தைக் கரைத்தெடுக்கும் ஆல்கஹாலை ஊற்றினார். பொடி சாயத்தை உடைக்கவே இல்லை, குடித்துத்தான் வைத்திருந்தது. நீலம் முழுவதும் செய்கூலி சேதாரமின்றிச் சொட்டியது.

அக்கா மெதுவாகப் போனை எடுத்தார்.

"மதகத் தொறந்துடாதடா."