'ங்க' போட்ட வசவு

என் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். கழலாத நட்டைத் திட்டித் திட்டியே கழற்றுவார். "வாடா நாதாரி" என்று ஆரம்பித்தால் துருப்பிடித்த நட்டும் வழிக்கு வரும். விரலில் ஸ்பானர் இடித்தாலும் அதே வார்த்தைதான். திட்டினால் பாதி வலி போய்விடும் என்பார். என்னிடம் மட்டும் அந்த வாயைத் திறந்ததில்லை.

போன மழைக்காலத்தில் வலது தோள் இறுகிப்போனது. வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்பவருக்குக் கை தலைக்கு மேலே போயாக வேண்டும். போகாவிட்டால் பணிமனை வாசலில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை பணிமனை டாக்டர் பார்க்கப்போகிறார். இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். வாசலில் உட்கார்ந்தால் மனுஷன் நொந்தே போய்விடுவார் என்று எனக்குப் பயம். அடுப்படியில் கை ஓடவில்லை.

பிசியோதெரபிஸ்ட் எங்கள் மகள் வயதுப் பெண். அவள் கையைத் தூக்கினால் இவர் பல்லைக் கடிப்பார், முகமெல்லாம் வியர்க்கும். காதுக்கு மேல் கை போகாது.

வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன். "அவர் திட்டினாத்தாம்மா வலி தாங்குவார்."

"தாராளமாத் திட்டுங்க சார். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவள் கையைத் தூக்கினாள்.

"ஐயோ... நாதாரிங்களே... நாசமாப் போங்க!"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். இப்படி மரியாதையாகத் திட்டினால் வலிக்கு எங்கே உறைக்கும்? கை அங்கேயே நின்றது.

"விடும்மா. நான் வாசல்லயே உக்காந்துக்கிறேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "ஏறுடா, நாதாரிப் பயலே!" என்று கத்திவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க' தவிர வேறு எப்படியும் அவரைக் கூப்பிடாத வாய்.

இவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "யாரைச் சொல்றே?"

"உங்க தோளைத்தாங்க."

"அதையா? அந்த நாதாரியையா? ஏறுடா! ஏறித் தொலைடா, நாதாரி!"

அவள் பிடியை விடவில்லை. இவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் ஓயவில்லை. விரல் நுனி, தலைக்கு மேலே சுவரில் அவள் போட்டிருந்த கோட்டைத் தொட்டுவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டார். "வலி எனக்கு. நீ எதுக்கு அப்படிக் கத்தினே?"

"நீங்க அந்த ஜன்னலைத் திறந்து திறந்து மூடுறப்பல்லாம் எனக்கும் வலிச்சுதுங்க."

வலது கையை மெல்லத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அப்போ இன்னொரு தடவை திட்டிக்கோ" என்றார்.