களைக்கு வாடகை

ஒரு சட்டையில் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் தையல்காரருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவருக்குத் தங்கையாகப் பிறந்தவள், குத்தகைக்கு எடுத்த பூசணி வயலின் ஓரத்தில் பத்தடி அகலத்துக்குப் புதரை வளர்த்து வைத்திருந்தாள். முள், கொடி, பெயர் தெரியாத மஞ்சள் பூ, உளுத்த கட்டை என்று என்னென்னவோ கிடந்தன. ஊரே அவளைப் புதர்க்காரி என்றது.

“களைக்கு வாடகை கட்டுற ஒரே ஆளு நீதான்டி. அங்க ரெண்டு வரிசை பூசணி போடலாமில்ல?”

“போடலாம்ணா. பூக்கும், காய்க்காது. ஆண் பூவோட மகரந்தத்தைப் பெண் பூவுக்கு யாரு கொண்டுபோவா, நீயா?”

தேனீயும் வண்டும் குடியிருப்பது அந்தக் கட்டையிலும் கலைக்காத மண்ணிலும்தானாம். கூலி கேட்காத ஆட்களுக்கு இருக்க இடமாவது கொடுக்க வேண்டாமா என்பாள். தையல்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த வருஷம் தலைவலி புதரை ஒட்டிய பக்கத்து வயலிலிருந்து வந்தது. அங்கேயும் பூசணிதான். ஒரு புல் தலைகாட்டினாலும் மருந்தடித்துவிடும் அந்த வயல்காரருக்குச் சுத்தக்காரர் என்று பெயர். புதரிலிருந்து களை விதை பறக்கிறது, எலி வருகிறது என்று நிலத்துக்காரரிடம் மூட்டிவிட்டார். வெட்டினால்தான் அடுத்த வருஷக் குத்தகை என்று அவரும் சொல்லி அனுப்பினார். அது போனால் தங்கைக்கு வேறு நிலமில்லை.

தையல்காரர் கடையைத் திறக்காமல் காலையிலேயே அவளோடு வயலுக்குப் போனார். வெட்டிவிடு என்று வழியெல்லாம் சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நிலத்துக்காரரும் சுத்தக்காரரும் காத்திருந்தார்கள்.

“சரிங்க, வெட்டிடுறேன்,” என்றாள் தங்கை. அண்ணனுக்கு உயிர் வந்தது. “என் வயலோட அந்தக் கோடியில வளத்துக்குறேன். ரெண்டு வரிசை போனாப் போகுது. இவருக்குத் தொந்தரவு வேணாம்.”

வந்த உயிர் மறுபடி போனது. ஆனால் முகம் வெளுத்தது சுத்தக்காரருக்கு; அவள் வெட்ட மாட்டாள், குத்தகை தன் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டிருந்தார் போல.

“எதுக்கும்மா வீண் சிரமம்? இருக்கறது இருந்துட்டுப் போகட்டுமே.”

“நேத்து எலின்னீங்களே?” என்றார் நிலத்துக்காரர்.

“எலி எங்கதான் இல்ல?”

அப்போதுதான் தையல்காரர் சுத்தக்காரரின் வயலைச் சரியாகப் பார்த்தார். புதரை ஒட்டிய வரிசைகளில் காய்கள் குண்டு குண்டாக உட்கார்ந்திருந்தன. தள்ளிப் போகப் போகக் கோணலும் சூம்பலும்தான். அவர் வயலின் மறுகோடியில் இரண்டு பெண்கள் கூலிக்கு, தூரிகையால் பூப்பூவாக மகரந்தம் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாயிருக்குங்க நியாயம்! எங்க தேனீ உங்களுக்கு உழைக்கும், நீங்க எங்க மேலயே புகார் சொல்லுவீங்களா?” என்று பாய்ந்தார் தையல்காரர்.

“தேனீ மேல உங்க பேரு எழுதியிருக்கா?”

“வாடகையில இவ பேரு எழுதியிருக்கே!”

“கத்தாதீங்க,” என்றார் நிலத்துக்காரர். “புதர் இருக்கட்டும். அந்த இடத்து வாடகையை ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்குங்க.”

“பாதியா? வண்டெல்லாம் அவங்க பக்கந்தான் அதிகம் போகுது. கால்வாசி தரேன்.”

தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். “கால்வாசி போதுங்க. ஆனா பூ விரிஞ்சிருக்கிற நேரத்துல மருந்தடிக்கக் கூடாது. தேனீ செத்துப்போகுது.”

சுத்தக்காரர் முனகிக்கொண்டே தலையாட்டினார். குத்தகை நிலைத்தது.

“பாதி வாங்கியிருக்கலாமேடி, மண்டு!”

“பாதி கேட்டிருந்தா மருந்தை நிறுத்துவாராண்ணா?”

திரும்பிப் போய்க் கடையைத் திறந்ததும், வந்தவர்களிடமெல்லாம் தங்கையின் ஏமாளித்தனத்தைச் சொல்லிப் புலம்பினார் தையல்காரர். மருந்தை நிறுத்த வைத்த இடத்தை மட்டும் ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொன்னார்.