ஜமுனாவிலிருந்து பேசியவர்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டரை மணி வயர்லெஸ் அழைப்புக்கு ஜமுனாமரத்தூர் மழை நிலையம் பதில் தரவில்லை. வேலூரில் என் மேசையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன். அமிர்தி, படவேடு நிலையத்துக்காரர்கள் தங்கள் மழையளவைச் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். பிறகு தடித்த, ஏற்ற இறக்கமில்லாத ஓர் ஆண்குரல், ஒலிபெருக்கி அதிரும்படி, "வேலூரு. மழை இல்ல. ரேணுகாவும் இல்ல" என்றது. நான் கேட்ட எதற்கும் அந்தக் குரல் பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை அதையே சொல்லிவிட்டு அடங்கியது.

"கண்ட்ரோல், யாருங்க ரேணுகா? நம்ம ஜமுனா அண்ணன் எங்க?" என்று அமிர்தி கேட்டார். படவேடும் கேட்டார். அன்று நான் அவர்களுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதற்குத் துக்கம் பாதிக் காரணம். சொல்லக்கூடாத விஷயமாக அது இருந்தது என்பது மீதி. இப்போது சொல்லலாம். ரேணுகா அம்மாளின் கணவர் ஏகாம்பரம் வேலையிலிருந்து விலகிக்கொண்டார். அந்த நாளைய பொறியாளரும் ஓய்வு பெற்றுவிட்டார். "நான் போனப்புறம் சொல்லிக்க தம்பி, இப்ப வாணாம்" என்று அம்மாளே எனக்கு அனுமதி தந்திருந்தார். ஆகவே அமிர்தி, படவேடு நண்பர்களின் கேள்விக்குப் பதிலாக நம் ஊழியர் மலரில் இதை எழுதுகிறேன்.

நம் வேலையை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஜவ்வாது மலையில் பெய்கிற மழை சில மணி நேரத்தில் அடிவாரத்து ஆறுகளில் இறங்கிவிடும். மழையை மேலேயே அளந்து வயர்லெஸ் செட்டில் வேலூருக்குச் சொல்வதற்காக எழுபதுகளின் நடுவில் இந்த நிலையங்களைத் திறந்தார்கள். செட்டில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, ஊர்ப் பெயர்தான். ஜமுனாமரத்தூர் நீளமென்பதால் 'ஜமுனா' ஆயிற்று, வேலூரில் இருக்கிற நான் 'கண்ட்ரோல்'. ஒருவரையொருவர் பார்த்ததில்லை. குரலை வைத்து ஆளைக் கட்டிக்கொள்வோம். நான் கட்டிக்கொண்ட ஜமுனா, கனத்த உடம்பும் முறுக்கு மீசையுமாய், எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிற ஐம்பது வயது ஆள். வெற்றிலைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனாலும் அவர் வெற்றிலை போட்டார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாப் பிழையும் அதில்தான் ஆரம்பித்தது. எங்கள் செட்டுகளில் எதிராளியின் குரல் சில நேரம் வாத்துக் குரலாய்க் கீச்சிடும், சில நேரம் பூதத்தின் குரலாய்த் தடிக்கும். கேட்கிறவர் பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதை இப்படியும் அப்படியும் திருப்பி, குரல் இயல்பாகக் கேட்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் திருகு எங்கே நிற்க வேண்டுமென்று எனக்கு முன்னால் இருந்தவர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். "ஜமுனாவுல ஏகாம்பரம்னு ஒருத்தரு. இந்தக் கோட்டுல வெச்சா தெளிவாக் கேக்கும்" என்று சொல்லித்தான் நாற்காலியை என்னிடம் விட்டுப் போனார்.

நான் சேர்ந்த முதல் வாரம் எண்களைக் குழப்பிவிட்டேன். அமிர்தியின் அளவைப் படவேட்டுக்கு எழுதிவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எல்லா நிலையமும் கேட்டுக்கொண்டிருந்தது, யாரோ சிரித்தார்கள். அப்போது ஜமுனா குறுக்கே வந்தார். "கண்ட்ரோல், எம் பக்கம்தான் இரைச்சலா கீது. எல்லாரும் ஒரு தபா மொதல்லேர்ந்து சொல்லுங்க, நானும் கேட்டுக்கறேன்." இரைச்சல் ஒன்றும் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் செட்டின் மேல் பழியைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

மழையில்லாத மாதங்களில் எதற்குத் தினமும் கூப்பிட வேண்டும் என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். "மழை இல்லன்னாலும் இல்லன்னு சொல்லணும் தம்பி. சும்மா கெடந்தா செத்துட்டான்னு நெனச்சிக்குவாங்க" என்றார். இந்த வாக்கியத்தைப் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் நான் சொல்லித் தந்திருக்கிறேன். யார் சொன்னது என்று மட்டும் சொன்னதில்லை.

அளவுகள் முடிந்ததும் இரண்டு நிமிடம் சொந்தப் பேச்சு நடக்கும். விதிக்குப் புறம்புதான், ஆனால் எல்லோரும் பேசினோம். என் மூத்த மகள் பிறந்த புதிதில் குடித்த பாலையெல்லாம் கக்கிக்கொண்டிருந்தாள். ஜமுனா அண்ணனிடம் சொன்னேன். "தோள்ல போட்டு முதுவத் தட்டு. ஏப்பம் வராம படுக்க வெக்காத" என்றார். வீட்டில் அப்படியே செய்தோம். என் மனைவி, "ஆம்பளைக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். "அவருக்குத் தெரியாதது எதுவுமில்ல" என்றேன் பெருமையாக. குரலையே கேட்டுப் பிழைக்கிறவன் நான். எனக்கு உறைக்காதது அவளுக்கு உறைத்துவிட்டது.

பிறகு அந்த ஐப்பசி வந்தது. வேலூரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேலேயிருந்து ஜமுனா சொன்ன அளவை எழுதி எங்கள் பொறியாளரிடம் காட்டினேன். நம்பவில்லை. "அந்தாளு தண்ணி போட்டுட்டுச் சொல்றானாய்யா? மறுபடி கேளு" என்றார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஜாடி நெறஞ்சி வழிஞ்சி, ரெண்டாந்தபாவும் ஊத்தி அளந்தாச்சி. தப்புன்னா நாளைக்கு வந்து திட்டு. இன்னைக்கு எழுது" என்று பதில் வந்தது. அந்தக் குரலுக்குப் பிறகு பொறியாளரும், "எழுதுய்யா" என்றார். எச்சரிக்கை சொல்லப் படவேடு நண்பர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் ஓடினார். கரும்பு வெட்ட வந்தவர்கள் ஆற்றுப் படுகையிலேயே குடிசை போட்டிருந்தார்கள். மதியத்துக்குள் குடிசைகள் போயின. ஆட்கள் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லது செய்ததுதான் ஆபத்தாக வந்து முடிந்தது. "அந்த ஏகாம்பரத்த நான் நேர்ல பாக்கணும். பாராட்டுச் சான்றிதழ் குடுக்கணும்" என்று பொறியாளர் கிளம்பிவிட்டார். புது பேட்டரியோடு இரண்டு நாள் முன்னதாக என்னைப் பேருந்தில் அனுப்பினார்கள்.

நிலையத்து வாசலில் மெலிந்த, மீசையில்லாத ஒரு மனிதர் நின்றிருந்தார். பெயரைச் சொன்னதும் புரிந்துகொண்டவர்போலத் தலையசைத்து உட்காரச் சொன்னார். "அண்ணே, நான்தான் வேலூர் கண்ட்ரோல்" என்றேன். சிரித்தார். வெள்ளத்தைப் பற்றிப் பேசினேன், அதற்கும் சிரித்தார். இத்தனை வருடம் என்னோடு பேசியவர் நேரில் வந்தால் இப்படியா என்று எனக்குக் கோபமே வந்தது. இரவு வனத்துறை பங்களாவில் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் எட்டரைக்கு அவர் மழைமானியிலிருந்து ஜாடியை எடுத்துப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே கொண்டுபோனார். நான் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றேன். செட்டின் முன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சீட்டை வாங்கி, மைக்கை எடுத்து, "வேலூரு, ஜமுனா" என்றார். பெண்குரல். ஆனால் அந்த நிறுத்தம், எண்ணுக்கு முன்னால் விடுகிற அந்த மூச்சு, எல்லாம் நான் தினமும் கேட்டவை. பேசி முடித்துத் திரும்பினார். "உள்ள வா தம்பி. நாந்தான்."

என் வாயிலிருந்து வந்தது, "அண்ணே" என்பதுதான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

காசநோய்க்குப் போட்ட ஊசியில் ஏகாம்பரத்துக்கு நிலையம் திறந்த சில வாரத்திலேயே காது போய்விட்டது. காது கேட்காதவருக்கு இந்த வேலையில்லை. வேலையில்லாவிட்டால் தங்குகிற வீடும் இல்லை. "ஏமாத்தணும்னு நெனைக்கல தம்பி. ஒருநாளு அவரு படுத்துக்கினாரு, மழைய நான் சொன்னேன். வேலூர்ல யாரோ, 'இன்னா ஏகாம்பரம், கொரலு கீச்சுனு கீது'ன்னாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே, 'ஆங், இப்ப சரியாய்ட்ச்சி'ன்னுட்டாரு. நான் கொரல மாத்தவே இல்ல. அப்பவும் இப்பவும் இதான் எங்கொரலு."

அந்த யாரோ, எனக்கு முன்னால் இருந்தவர். சரியானது ஜமுனாவின் குரலில்லை, அவர் கையிலிருந்த திருகு. ஏகாம்பரம் என்று நம்பியதால் ஆண்குரல் வரும்வரை திருப்பினார், அங்கே கோடு போட்டார். அந்தக் கோட்டை நான் வருடக்கணக்கில் காப்பாற்றினேன். மற்ற நிலையங்களிலும் அதே கதைதான்.

மறுநாள் பொறியாளர் வருவதற்குள் ஏகாம்பரத்தைச் செட்டில் உட்காரவைத்துப் பழக்கினோம். அவருக்குப் பேச்சு வரும், கேட்காது அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் முடித்ததும் நான் தோளைத் தொட வேண்டும், அவர் அடுத்ததைச் சொல்ல வேண்டும். பொறியாளர் வந்து ஒலிபெருக்கியருகே நின்றுகொண்டார். ஏகாம்பரம் ஆரம்பித்தார். "வேலூரு. ஜமுனா."

உடனே அமிர்தி பாய்ந்தார். "கண்ட்ரோல், கண்ட்ரோல்! இது ஜமுனா இல்லீங்க. எருமை கத்தற மாதிரி கீது. எவனோ பூந்து செட்டத் தொட்டுட்டான்!" படவேடும், "இது நம்ம ஏகாம்பரம் இல்ல, எனக்கு அவரு கொரலு தெரியும்" என்றார். அசல் ஏகாம்பரம் தோளில் என் கை படுவதற்காகக் காத்திருந்தார். பொறியாளர் என்னைப் பார்த்தார். என் வேலை போய்விடும் என்று பயந்தேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஓரடி விலகி நின்றேன். அந்த ஓரடிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ரேணுகா அம்மாள் அடுப்படியிலிருந்து வந்தார். கணவர் கையிலிருந்து மைக்கை வாங்கி, "அமிர்தி, ஜமுனாதான். பயப்படாத. எழுதிக்க" என்று அளவைச் சொன்னார். "இப்ப சரி" என்றார் அமிர்தி.

"அன்னைக்கு அந்த மழையச் சொன்னது யாரு?" என்று பொறியாளர் கேட்டார். "அளந்தது அவருங்க. சொன்னது நானு" என்றார் அம்மாள். "வேலய எடுத்துட்டாலும் சரிங்க. அளந்ததும் சொன்னதும் பொய்யில்ல." பொறியாளர், பெயர் எழுதாமல் வைத்திருந்த சான்றிதழை எடுத்து, 'ஜமுனாமரத்தூர் நிலையம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆள் பெயர் எதையும் எழுதவில்லை. ஜீப்பில் மலையிறங்கும்போது மழையைப் பற்றி மட்டுமே பேசினார்.

வேலூர் திரும்பியதும் திருகை மெல்ல மறுபக்கம் திருப்பி ரேணுகா அம்மாளின் சொந்தக் குரலைப் பிடித்தேன். அங்கே இரண்டாவது கோடு போட்டேன். அறையில் ஆட்கள் இருக்கும்போது பழைய கோடு, தனியாக இருக்கும்போது புதுக் கோடு. இரண்டிலும் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். "அக்கான்னு கூப்புடட்டுமா?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "எதுக்கு? கூப்ட்டாக்கா நான்தான வரேன்" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை மதியமே மலையேறினேன். முந்தின இரவு அம்மாளுக்கு நெஞ்சுவலி, அவ்வளவுதான். முகத்தைப் பார்த்தேன். வாழ்நாளில் நான் நேரில் பார்த்தது இரண்டாவது முறை. சாயங்காலம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை ஏகாம்பரம் வழக்கம்போல மழைமானிக்குப் போனார். ஜாடி காய்ந்திருந்தது. சீட்டில் 'இல்லை' என்று எழுதி உள்ளே வந்து, செட்டுக்கு முன்னால் நீட்டினார். வாங்குவதற்கு ஆளில்லை. கையை மடக்காமல் அப்படியே நின்றார். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை வாங்கினேன். மைக்கை எடுத்து, "வேலூரு, ஜமுனா" என்றேன்.

"யாருங்க அது? ஜமுனா கொரலு இல்லியே" என்றார் அமிர்தி.

இந்த முறை நான் விலகவில்லை. "ஜமுனாதான், அமிர்தி. பயப்படாத. எழுதிக்க. மழை இல்ல."

போய் வாருங்கள், அண்ணே.