தண்ணி என்கிற கெட்ட வார்த்தை

ஐக்கிய நாடுகள் சபை என்று ஒன்று இருக்கிறதாம். எத்தனையோ நாடு, எத்தனையோ கொடி, ஒரு சண்டையை நிறுத்தத் துப்பில்லை. எங்கள் மாடி வீட்டு ஸ்ரீவித்யா அக்காவிடம் அதைக் கொடுத்திருந்தால், உலகம் இந்நேரம் செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு, உள்ளே வந்து கைகட்டி உட்கார்ந்திருக்கும். பொழிச்சலூரில் கார் நிறுத்துகிற இடத்துக்காக வெட்டுக்குத்துவரை போன இரண்டு குடும்பங்களை, முகம்கூடப் பார்க்காமல், வெறும் டைப் அடித்தே சம்பந்தி ஆக்கியவர் அவர். சம்பந்தி ஆனது மட்டும் நான் சேர்த்தது. மற்றபடி நிஜம்.

அஸ்தினாபுரத்தில் அவர்கள் மாடி, நாங்கள் கீழே. அக்காவுக்குக் கிண்டியில் ஒரு ஆபீஸில் வேலை. எங்கள் அம்மா முத்தாலம்மாள் மீன் விற்கிறவள். நான் மோகன்ராஜ். என்னைப் பொறுத்துக்கொண்டது போதும் என்று பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டு, வண்டியில் சோறு டெலிவரி செய்கிறேன்.

ஒரு கோடையில் எங்கள் தெருக் குழாய் நின்றுபோனது. பக்கத்துத் தெருவில் வருகிறதா என்று வாட்ஸாப் குழுவில் அக்கா கேட்டார். கேள்வியின் தலைமேல் குட்மார்னிங் ரோஜாப்பூக்கள் விழுந்து மூடிவிட்டன. அந்தக் கோபத்தில்தான் 'வந்துச்சா?' என்று ஒரு இணையதளம் தொடங்கினார். இந்தப் பக்கம் யாரைப் பார்த்தாலும் அதைத்தானே கேட்கிறோம். தண்ணி வந்துச்சா, கரண்ட் வந்துச்சா, பஸ் வந்துச்சா.

முதலில் ஈ, காக்கை இல்லை. அக்காவே கேள்வி போடுவார். அவர் அம்மா பாலாம்பாள் மாமி அடுப்படியிலிருந்து சொல்லும் பதிலையும் அவரே டைப் அடிப்பார். பிறகு ஒரு சட்டம் கொண்டுவந்தார். உதவி கேட்டவர் திரும்பி வந்து, பிறகு என்ன ஆச்சு என்று சொல்லியே ஆகவேண்டும். சொல்லாதவருக்கு அடுத்த கேள்வி கிடையாது. ஜனம் சேர்ந்தது இதனால்தான். ஒருவர் வீட்டு பாத்ரூமில் பாம்பு புகுந்தால், அது பிடிபட்டதா என்று தெரியும்வரை பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர்வரை ஒருவரும் நிம்மதியாகக் குளிக்க மாட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? "இன்னிக்கு தண்ணி வருமா?" என்று ஒரு மாமி கேட்டால், "கடை மதியம்தான் தொறப்பாங்கோ மாமி" என்று போடுவேன். என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் கிளம்பினார்கள். சைடு டிஷ் இன்னா, எந்த பிராண்டு என்று பக்கமே நாறியது. அக்கா மாடிப்படியில் நின்று கத்தினார்.

"மோகன், அது தண்ணி இல்லாம அழறவங்க வர்ற இடம்டா!"

"நம்ம பசங்களும் அதுக்குத்தான்கா அழறானுங்கோ."

"வாய மூடு. இனிமே அந்த வார்த்தையே உள்ள வராது, பாரு."

வரவில்லை. 'தண்ணி' என்று யார் எழுதினாலும் அந்தப் பதிவு ஒரு தனிப் பெட்டிக்குள் போய் விழும். அக்கா திறந்து பார்த்து விட்டால்தான் வெளியே வரும். காலனிக்காரர்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். 'குடிநீர்' என்றார்கள், 'லாரி நீர்' என்றார்கள். பக்கம் கோயில் நோட்டீஸ் மாதிரி சுத்தமானது. பெட்டி என்று ஒன்று இருப்பதையே அக்கா மறந்துபோனார்.

இந்த வருட மழையில் முடிச்சூர் பக்கம் ஏரி உடம்பு கொள்ளாமல் வழிந்தது. அக்கா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கரண்ட் இல்லை, பஸ் இல்லை என்று வந்தது. தெருவில் மழைநீர் தேங்கியிருப்பதாக ஓரிருவர் எழுதினார்கள். அவ்வளவுதான்.

"நம்ம பக்கம் பரவால்ல போலருக்கு" என்றார் அக்கா.

மதியம் மாமி பால்காரரிடம் பேசிவிட்டு வந்தார். "முடிச்சூர்ல வீட்டுக்குள்ளல்லாம் தண்ணி வந்துடுத்தாமேடி."

அந்த ஒரு வார்த்தைதான். அக்காவின் முகம் செத்துப்போனது. கழுத்தளவு வெள்ளத்தில் நிற்கிறவன், 'மழைநீர் புகுந்துள்ளது' என்றா எழுதுவான்?

பெட்டி நிறைந்து கிடந்தது. தண்ணி ஏறுது. தண்ணி உள்ள வந்துடுச்சு, யாராவது வாங்க. தண்ணி, தண்ணி, தண்ணி. அக்கா ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். ஒருவர் மாடிக்கு ஏறிவிட்டார், ஒருவரைத் தீயணைப்பு வண்டி ஏற்றிக்கொண்டது. முடிச்சூர் வில்பிரட் என்பவர் மட்டும் எடுக்கவில்லை. காலையிலேயே விலாசத்தோடு எழுதியிருந்தார். 'தண்ணி கட்டில் வரைக்கும் வந்துச்சு. எங்க அம்மாவால நடக்க முடியாது. போட் இருந்தா அனுப்புங்க.'

"மோகன், உங்க மாமாகிட்ட போட் இருக்கில்ல?"

இருந்தது. மறுநாள் விடிந்ததும் பூவராகன் மாமா கோவளத்திலிருந்து ஃபைபர் படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடற்கரையில் காலைக்கூட நனைக்கப் பயப்படுகிற அக்கா, முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். வில்பிரட் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. ஆள் இல்லை. அக்கா அந்தக் காலி வீட்டைப் பார்த்து, "சார்... வில்பிரட் சார்..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"ஆளே இல்லாத வூட்டாண்ட இன்னாத்துக்கும்மா கூவிகினு கீற? யாராச்சும் இட்டுகினு போயிருப்பாங்கோ" என்றார் மாமா. சொன்ன அவரே அதை நம்பவில்லை.

அதன்பிறகு நானும் அக்காவும் என் வண்டியில் அலைந்தோம். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், சர்ச், எங்கெல்லாம் முகாம் போட்டிருந்தார்களோ அங்கெல்லாம். தளத்தில் இருக்கிற பையன்கள் சிலரும் ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். 'வில்பிரட் சார், பிறகு என்ன ஆச்சு?' என்று அக்கா கேட்ட கேள்வி பக்கத்தின் உச்சியில் அப்படியே நின்றது. மாமி பிசைந்து கொடுக்கும் சாதமும் தட்டில் அப்படியே நின்றது.

ஒருநாள் காலை அக்கா படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். "மூடிடப் போறேன் மோகன். ஒரு வார்த்தைய அடைக்கிறேன்னு ரெண்டு உசுர அடைச்சுட்டேன்."

அதை அடைக்கவைத்தது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"மூடிட்டா நான் எங்கக்கா போய் கலாய்க்கிறது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வில்பிரட் எழுதினார். போன் தண்ணீரில் போய்விட்டதால் புதுக் கணக்கு தொடங்கியிருப்பதாகவும், செங்கல்பட்டில் சொந்தக்காரர் வீட்டில் அம்மாவும் தானும் நலம் என்றும், அக்கா தயவுசெய்து சாப்பிட வேண்டும் என்றும். பக்கம் முழுக்கக் கும்பிடு, கண்ணீர், பலூன். மாமி பாயசத்துக்குச் சேமியா வறுக்கும் வாசனை கீழேவரை வந்தது. நான் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டு, காதை மட்டும் மாடியில் வைத்திருந்தேன்.

அக்கா இறங்கி வந்தார்.

"வில்பிரட் எங்க இருக்காராம்?"

"செங்கல்பட்டுலக்கா. நீங்க படிக்கலியா?"

"படிச்சேன். செங்கல்பட்டுல உக்காந்துண்டு எங்காத்து வைஃபைல எழுதியிருக்கார். எப்படிடா?"

டேட்டா தீர்ந்தால் உபயோகித்துக்கொள் என்று அக்காவே கொடுத்த பாஸ்வேர்டு. எந்த இணைப்பிலிருந்து எழுதினோம் என்பது தளத்தை நடத்துகிறவருக்குத் தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"நீங்க சாப்புடணும்னுதான்கா..."

"தெரியும்." அடிப்பார் என்று நினைத்தேன். போனைத்தான் என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "அதுக்குக் கீழ பாரு."

தேடிக்கொண்டிருந்த பையன்கள் எழுதியிருந்தார்கள். 'அப்பாடா! நாங்க தேடறத நிறுத்திட்டு வீட்டுக்குக் கிளம்பறோம்கா.'

"அவரும் அவர் அம்மாவும் இன்னும் எங்கயோதான் இருக்கா. இப்ப அவாளத் தேட ஒருத்தரும் இல்ல" என்றார் அக்கா. "பொய்னு எழுது. உன் பேர்ல எழுது. எழுதிட்டு வண்டிய எடு."