சான்டோஸுக்கு ஒரு நாள் முன்பே கிளம்பிய பெட்டி

விமான டிக்கெட் விற்பவன் நாற்காலியை விட்டு எழுவதில்லை. ஆனால் பயணி போய்ச் சேரும்வரை அவன் மனம் தரையிறங்குவதுமில்லை. ராயபுரத்துக் கடையிலிருந்து நான் சொல்வதை, இதே தொழிலில் தவிக்கும் நண்பர்கள் நம்புவார்கள்.

நேர்கோடு

தண்டையார்பேட்டை தினேஷுக்குச் சரக்குக் கப்பலில் வெல்டர் வேலை கிடைத்தது. வெகுநாள் காத்திருந்து பெற்ற வேலை. பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்தில் ஏற வேண்டும். சனிக்கிழமை இரவு கப்பல் புறப்பட்டுவிடும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு.

சென்னையிலிருந்து, சான்டோஸுக்கு அருகே விமானம் இறங்கும் சாவோ பாவ்லோவுக்குப் பதினான்காயிரம் கிலோமீட்டர் சொச்சம், பறக்கப் பதினேழு மணி நேரம் என்று அவன் கைப்பேசி காட்டியது. நேர் விமானமே கிடையாது, தோஹாவில் இறங்கிக் காத்திருந்து மாற வேண்டும், ஏறக்குறைய முப்பது மணி நேரம் என்றேன். நம்பவில்லை. நேர்கோட்டில் பறந்த காகம் தாகத்தில் விழுந்ததையும், குளத்துக்குக் குளம் இறங்கிய கொக்கு ஊர் சேர்ந்ததையும் கதையாகச் சொன்னேன். அவன் தாய், காசிமேட்டில் மீன் விற்கும் ராணியம்மாள், பொறுமையாகக் கேட்டார்.

"கொக்கு கத இருக்கட்டும் சார். கப்பலே எங்கியும் நிக்காம போவுது, நீ இன்னாத்துக்கு ஏரோப்ளேன நடுவுல நிறுத்துற?"

ராகு காலம்

வெள்ளிக்கிழமை பிற்பகல் விமானம். கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி மீனம்பாக்கம் விமான நிலையம் சேரப் பதினோரு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அது ராகு காலம். மறுநாள்தான் அனுப்புவேன் என்று ராணியம்மாள் உறுதியாக நின்றார். மறுநாள் போனால் அங்கே கப்பல் இருக்காது. காலத்தில் கெட்டது என்று ஒன்றுண்டு என்றால் அது நாம் வீணாக்கும் காலமே என்று எடுத்துரைத்தேன். என்னோடு பணிபுரியும் ஃபைசல் குறுக்கிட்டார்.

"அம்மா, வியாழக்கெழம நல்ல நேரத்துல பெட்டிய கொணாந்து எங்க கடையில வெச்சிடு. புள்ள அப்பவே கெளம்பிட்டான்னு கணக்கு. எங்க தெருவுல அல்லாரும் அப்டித்தான் அனுப்புறாங்கோ."

வராத பிள்ளை

வியாழனன்று பெட்டி என் மேசையருகே வந்து அமர்ந்தது. வெள்ளியன்று தாயும் வந்து அதனருகே அமர்ந்தார். பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பிப் பெட்டியை எடுக்க வர வேண்டிய தினேஷ் பன்னிரண்டைத் தாண்டியும் வரவில்லை. அழைத்தால் எடுக்கவில்லை. வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்து என் கால்கள் ஓய்ந்தன.

கடைசியில் வியர்த்து வந்தவன், தாய்க்குக் கேட்காதபடி என்னிடம் சொன்னான்: பாஸ்போர்ட்டைக் காணவில்லை, வீடு முழுவதும் புரட்டியாகிவிட்டது. அன்பர்களே, அஞ்சி மறைப்பது ஆபத்தை வளர்ப்பது. தாயிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டாமா? நானே கேட்டேன். ராணியம்மாள் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"அது நேத்தே கெளம்பிடுச்சி நைனா. பாஸ்போட்டு வூட்ல கெடந்தா நீ எப்டி கெளம்புனதா ஆவும்?"

தாயின் தீர்ப்பு

விமான நிலையக் கவுன்டர் மூடும் தறுவாயில் தினேஷ் உள்ளே போய்விட்டதாகச் செய்தி வந்தது. அதன் பிறகும் ராணியம்மாள் எழவில்லை. தோஹாவில் இறங்கிவிட்டான் என்று கேட்ட பிறகே வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை கடை திறக்குமுன் வந்துவிட்டார். கடல்மேல் ஊரும் விமானப் புள்ளியை ஃபைசல் காட்டக் காட்ட, "இன்னும் எவ்ளோ தூரம் கீது?" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

ஞாயிறு காலை, கப்பல் தளத்தில் ஆரஞ்சு உடையில் நிற்கும் தினேஷின் படம் வந்தது. என் முன்யோசனைக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று காத்திருந்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டி முன்னாடியே போச்சி பாரு சார், அதான் கப்பல் நின்னுகினு இருந்திச்சி."

பூமியின் மறுபக்கத்துக்கு ஆகும் நேரத்தைத் தயங்காமல் சொல்லும் நாங்கள், ராயபுரத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஆகும் நேரத்தை மட்டும் இன்றுவரை எவருக்கும் உறுதியாகச் சொன்னதில்லை.