இழுவைப்படகு வரும் நாள்கள்

திங்கள், புதன், சனி என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. அந்த இரவுகளில் இந்திய இழுவைப்படகுகள் எங்கள் கரையை நெருங்கி வரும், வழியில் கிடக்கும் வலைகளை அறுத்துக்கொண்டு போகும். அதனால் எங்கள் ஊரான விடத்தல்தீவில் பலர் அந்த நாள்களில் மீன்பிடித் தொழிலுக்குப் போவதில்லை. என் கணவரும் போகமாட்டார். வாசல் படலைக்கும் அடுப்படிக் குசினிக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஒரு புதன்கிழமை பின்னேரம் பாடம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, அவர் நான் இருந்த கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நாளைக்கு என்ன பாடம்?"

"எங்கட நாட்டின்ர வெளிநாட்டுக் கொள்கை. அணிசேராமை, தலையிடாமை, எல்லா நாட்டோடையும் நட்பு."

"நட்போ," என்றார். "நல்லது." திரும்பவும் நடக்கத் தொடங்கினார்.

எனக்குச் சினம் வந்தது. "ஒரு இடத்தில இருங்கோவன்."

"இருந்து என்ன செய்யிறது?"

மறுநாள் பாடம் முடிந்ததும், இந்தக் கொள்கையை நடைமுறைப்படுத்துவது யார் என்று வகுப்பில் கேட்டேன்.

"வெளிவிவகார அமைச்சு, ரீச்சர்" என்று எழும்பி நின்று சொன்னாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி.

அவளுடைய தகப்பனும் முதல்நாள் கடலுக்குப் போகவில்லை. போயிருந்தால் நடுக்கடலில் கைகலப்பு வந்திருக்கும், இரண்டு நாடுகளும் அறிக்கை விட்டிருக்கும். அப்படி ஒன்றும் நடக்காமல், கரையில் குந்தியிருந்து அந்த நட்பைக் காப்பாற்றியவர் அவர்தான்.

"சரி பிள்ளை, இரும்" என்றேன். பரீட்சைக்கு அந்த விடைதான் சரி.