பதநீர் ஞானஸ்நானம்

அமலோற்பவம் பிரசவம் பார்த்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் திரேஸ்புரத்திலிருந்து துறைமுகம் வரைக்கும் நிற்கும் என்பார்கள். கைராசிக்காரி. வாய்தான் கொஞ்சம் நீளம். வலியில் அலறுகிறவளிடம், "ஏளா, மெதுவா! கப்பல் சங்கு ஊதுதுன்னு நினைச்சிரப் போறானுவ" என்பாள். வலியோடு வலியாக அவர்களும் சிரித்துவிடுவார்கள்.

அந்த வாயும் ஒரு நாள் அடைத்துப்போனது. எழுபத்தொன்றாம் வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம். பிளாரன்ஸுக்குத் தலைப்பிரசவம். புருஷன் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. உயிர் இதோ அதோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆனால் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், பாலோ இளநீரோ செல்லாது என்று மடத்துக் கன்னியாஸ்திரீ அமலோற்பவத்துக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கட்டில் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து, "மனுவேல், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று உச்சியில் ஊற்றினாள். பிள்ளை போய்விட்டது. ஞானஸ்நானம் ஆகிவிட்டது, இனி மோட்சத்துக்குத்தானே போகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயின் மடியில் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் தலையில் எறும்பு ஏறியது. அமலோற்பவத்துக்குத் திக்கென்றது. செம்பை முகர்ந்து பார்த்தாள். பதநீர்! பிளாரன்ஸுக்குத் தாகத்துக்கென்று மாமியார் வைத்துவிட்டுப் போனது. பாவி மட்டை, பதறிய பதற்றத்தில் பார்க்காமல் ஊற்றியிருக்கிறாள். முந்தானையால் எறும்பைத் தட்டிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே அடக்கம் பண்ணினார்கள்.

அன்றைக்குப் போனது அவள் நிம்மதி. மோட்சத்து வாசலுக்கு வெளியே ஒரு பச்சைப்பிள்ளை நிற்கிறது, உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள், எல்லாம் என்னால்தானே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கஞ்சி குடிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போவாள். பதநீர்க்காரன் குரல் கேட்டால் வேறு தெருவில் நடப்பாள். பிளாரன்ஸைத் தூரத்தில் கண்டாலே சந்துக்குள் நுழைந்துவிடுவாள்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் இல்லை. பெரிய கோயில் சாமியார், "தெரியாமச் செஞ்சதும்மா. கடவுளுடைய அன்பு ஒரு செம்புத் தண்ணியிலயா அடங்கிக் கிடக்கு? பிள்ளைய அவரு பாத்துக்கிடுவாரு. மறைச்சதுக்கும் மன்னிப்பு உண்டு, நிம்மதியாப் போ" என்றார். இவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தச் சாமியாருக்கு இளகிய மனசு, அதனால் சொல்கிறார் என்று நினைத்துப் புன்னைக்காயலுக்குப் போனாள். அங்கேயும் அதே பதில். மணப்பாட்டில் இருந்த கிழச்சாமியார் ஒரு அதட்டே போட்டார்: "மன்னிச்சாச்சுன்னு சொன்ன பெறவும் ஊர் ஊராக் கேட்டுத் திரியுதியே, ஆண்டவர் சொல்லு உனக்கு அவ்வளவு இளப்பமாப் போச்சா?" திரும்பி வருகிற பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். அப்படியும் நம்ப முடியவில்லை.

ஆறு வருஷம் கழித்து முத்தையாபுரத்திலிருந்து ஆள் வந்தது. பிளாரன்ஸ் குடும்பம் அங்கே வீடு மாறிப் போயிருந்தது. மறுபடி பிள்ளைவலி, அமலோற்பவம்தான் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். போகவும் பயம், போகாமல் இருக்கவும் முடியவில்லை. போனாள்.

பிளாரன்ஸ் முகத்தைப் பார்த்ததும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. "ஏளா, நான் ஊத்துனது தண்ணி இல்ல, பதநீரு. உம் பிள்ளைய மோட்சத்துக்கு வெளிய நிறுத்திட்டேன்" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"யக்கா, இடுப்பு வலி எடுக்கயிலதான் இதச் சொல்லணுமா?" பிளாரன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். மடியில வச்சு உச்சியில முத்தம் குடுத்தேன்லா, இனிச்சுது."

அமலோற்பவம் தலையை நிமிர்த்தினாள். "தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"பெறவு? ஒரு மத்தியானம் மடியில கிடந்தவன என்னாலயே மறக்க முடியல. அவனப் படைச்சவரு, செம்பு மாறிப்போச்சுன்னு வெளிய தள்ளிருவாரா? என்னயவிட அவருக்குப் பாசம் கம்மியாக்கா?" அடுத்த வலி வந்து அவளை முறுக்கியது. போனதும் கோபமாகச் சொன்னாள்: "எம் மனத்தாங்கல் அதுக்கில்ல. பிள்ளையப் பறிகொடுத்துக் கிடந்தவள எட்டிக்கூடப் பாக்கல நீங்க. அவன உசிரோட பாத்தது நாம ரெண்டு பேருதான். அவனப் பத்திப் பேச எனக்கு வேற யாரு இருந்தா? தெருவுல கண்டாலும் ஒளிஞ்சிய."

இப்படி ஒரு பாவம் தன் கணக்கில் இருப்பதே அமலோற்பவத்துக்குத் தெரியாது. எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை. "என்னய மன்னிச்சிரு தாயி" என்றாள்.

"மன்னிச்சாச்சு" என்றாள் பிளாரன்ஸ். "இப்ப எந்திரிங்க. பிள்ளையப் பிடிங்க."